மாளிகையும் மண்ணும்: டார்டிங்ரன் பரிசோதனையின் சமூக அடிப்படைகள்

1

ஆங்கில இலக்கிய வரலாற்றைக் கற்போர் நாட்டுப்புற மாளிகையை அடிக்கடி எதிர்கொள்வர். 1616இல் அச்சேறிய பென் ஜோன்சனின் பென்ஸ்ஹேர்ஸ்ற் கவிதை முதலாக நாவல்கள் பலவற்றினூடாக அம்மாளிகை ஒழுங்கின் உருவகமாக, விருந்தோம்பலின் இருப்பிடமாக, இயற்கையோடு இயைந்த வாழ்வின் சின்னமாகத் தொடர்ந்து சித்திரிக்கப்பட்டு வந்துள்ளது. இச்சித்திரிப்பு எதை மறைக்கின்றது என்னும் வினாவை எழுப்பியவர் றேமண்ட் வில்லியம்ஸ். 1973இல் வெளிவந்த 'கிராமமும் நகரமும்' பற்றிய தமது நூலில், மாளிகையின் உணவு மேசைக்கு விளைபொருள்கள் தாமாகவே வந்து சேர்வதுபோல் இக்கவிதைகள் காட்டுவதையும், உழுதவரும் அறுத்தவரும் அவற்றிலிருந்து நீக்கப்பட்டிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மாளிகைகள் பல இடிக்கப்பட்டன, சில விடுதிகளாயின, சில தேசிய மரபுரிமைக் காட்சிப் பொருள்களாயின. இன்னுஞ் சில கல்வி நிலையங்களாக மாறின. இவ்விறுதி வகையினுள், நிலைபேறான வாழ்வு முறையைக் கற்பிக்கும் உறைவிடக் கல்லூரி ஒன்றுக்கு இடமளித்த டார்டிங்ரன் மாளிகை தனிக்கவனத்துக்குரியது. அதன் வரலாற்றில் நிலமானிய வாரம், அமெரிக்க நிதி மூலதனம், வங்காளத்தின் கிராமப் புனரமைப்பு, சூழலியற் சிந்தனை என்பன ஒன்றன்மேலொன்றாகப் படிந்துள்ளன. இப்படிவுகளைப் பிரித்து நோக்குவதும், மண்ணைக் காக்கும் கல்வி யாருடைய மண்ணில், யாருடைய செலவில் நடைபெறுகின்றது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில், ரொற்னெஸ் நகருக்கு அண்மையில், டார்ட் ஆற்றின் கரையோரமாக அமைந்துள்ளது டார்டிங்ரன். இங்குள்ள பெருமண்டபத்தையும் முற்றத்தைச் சூழ்ந்த கட்டடங்களையும் 1388க்கும் 1400க்கும் இடையில் எழுப்பியவர் ஜோன் ஹொலண்ட். இவர் இரண்டாம் றிச்சர்ட் மன்னனின் தாய்வழிச் சகோதரர். பின்னர் எக்செற்றர் கோமகன் எனப் பட்டம் பெற்றவர். 1381இன் குடியானவர் எழுச்சி ஒடுக்கப்பட்டு ஏழாண்டுகளே கழிந்திருந்த நிலையில் இம்மாளிகையின் கட்டட வேலை தொடங்கிற்று என்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும். நான்காம் ஹென்றிக்கு எதிரான சதியிற் பங்குகொண்டமைக்காக 1400இல் ஹொலண்டின் தலை துண்டிக்கப்பட்டது. மாளிகை கைமாறியது, அதனைத் தாங்கிநின்ற உற்பத்தி உறவுகள் மாறவில்லை.

1559இல் அது சேர் ஆர்தர் சம்பர்னூன் என்பாரின் உடைமையாயிற்று. அவருடைய சகோதரியின் மைந்தர்களே ஹம்பிறி கில்பேட்டும் வோல்ற்றர் றாலேயும் ஆவர். முன்னவர் 1583இல் நியூபவுண்ட்லாந்தை ஆங்கில முடிக்குரியதெனப் பிரகடனஞ் செய்தவர். பின்னவர் 1584 முதல் வட அமெரிக்கக் குடியேற்ற முயற்சிகளை இயக்கியவர். இருவருமே அயர்லாந்தை ஆங்கிலேயர் அடிப்படுத்திய போர்களிலும் ஈடுபட்டவர்கள். டெவன் நிலவுடைமைக் குடும்பங்களுக்கும் குடியேற்றவாதத்தின் தொடக்க கட்டத்துக்கும் இருந்த இவ்விரத்த உறவு தற்செயலானதன்று. உள்நாட்டு வாரமும் கடல்கடந்த கொள்ளையும் ஒரே வர்க்கத்தின் இரு வருவாய்களாக இருந்தன.

சம்பர்னூன் குடும்பத்தினர் 1925 வரை, அதாவது ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள், டார்டிங்ரனை வைத்திருந்தனர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருமண்டபம் கூரையிழந்து நின்றது. 1870களிலிருந்து அமெரிக்கப் புல்வெளிகளின் மலிவான தானியமும், குளிரூட்டிய கப்பல்களில் வந்திறங்கிய இறைச்சியும் ஆங்கில வேளாண்மையின் விலைகளை வீழ்த்தின. வாரம் வீழ்ந்தது. 1894இல் விரிவாக்கப்பட்ட மரணவரி நிலவுடைமைக் குடும்பங்களின் சுமையைக் கூட்டிற்று. முதலாம் உலகப்போருக்குப் பின்னர் பண்ணை நிலங்கள் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தன. கூலியாட்கள் நகரங்களை நோக்கிப் பெயர்ந்தனர். ஆக, டார்டிங்ரனின் சிதைவு ஒரு குடும்பத்தின் சிதைவு மட்டுமன்று. உலகச் சந்தை கிராமத்தை வென்றமையின் உள்ளூர் வடிவமாகும்.

3

1925இல் இச்சிதைந்த மாளிகையை விலைக்கு வாங்கியோர் லெனாட் எல்ம்ஹேர்ஸ்ற், டொறதி எல்ம்ஹேர்ஸ்ற் தம்பதியர். லெனாட் யோர்க்ஷயரைச் சேர்ந்த மதகுருவும் நிலவுடைமையாளருமான ஒருவரின் மைந்தர். கேம்பிறிட்ஜில் வரலாறும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையும் கற்றவர். டொறதியின் தந்தையார் வில்லியம் விற்னி நியூயோர்க்கின் வீதித் தண்டவாளப் போக்குவரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அமெரிக்கக் கடற்படைச் செயலாளராகவும் இருந்தவர். டொறதியின் முதற் கணவர் வில்லாட் ஸ்ற்றெயிற் சீனாவில் அமெரிக்க வங்கிகளின் நலன்களுக்காகப் பணியாற்றியவர். 1914இல் அவ்விருவரும் 'நியூ றிப்பப்ளிக்' என்னும் முற்போக்கு இதழைத் தொடங்கப் பொருளுதவி செய்தனர். ஏகபோக மூலதனத்தின் மடியிலிருந்தே அதன் மனச்சாட்சியும் பிறந்தது என்று இதனைக் கூறலாம்.

லெனாட்டின் சிந்தனைக்கு உருக்கொடுத்த களம் இங்கிலாந்தன்று, வங்காளம். 1921இல் நியூயோர்க்கில் அவரைச் சந்தித்த இரவீந்திரநாத தாகூர், சாந்திநிகேதனுக்கு அண்மையிலுள்ள சுருல் கிராமத்துக்கு அவரை அழைத்தார். ஒருகாலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிக முகவர் தங்கி வாணிகம் நடத்திய ஊர் அது. 1912இல் தாகூர் அங்கு பழைய பங்களா ஒன்றை வாங்கியிருந்தார். 1922 பெப்ரவரியில் அங்கு தொடங்கப்பட்ட கிராமப் புனரமைப்பு நிலையமே பின்னர் ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்றது. மலேரியா ஒழிப்பு, கைப்பணிகள், கூட்டுறவு, பயிர்ச்செய்கைப் பரிசோதனை, கிராமச் சிறுவர்க்கான கல்வி என்பன அதன் வேலைத்திட்டத்தில் அடங்கின. லெனாட் அதன் முதற் பணிப்பாளர். செலவின் பெரும்பகுதி டொறதியின் செல்வத்திலிருந்து வந்தது. ஆகவே, பின்னாளில் டெவனில் நிகழ்ந்த பரிசோதனையை ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயத்துக்குச் சென்ற சிந்தனையாகக் கருதுவது தவறு. சிந்தனை சுருலிலிருந்து டார்டிங்ரனுக்குச் சென்றது. இரு இடங்களுக்கும் பணம் நியூயோர்க்கிலிருந்து சென்றது.

தாகூரின் வர்க்க நிலையையும் இவ்விடத்து மறத்தலாகாது. அவர் சமீந்தார் குடும்பத்தவர். கிழக்கு வங்காளத்தில் தம் குடும்ப நிலங்களை நிருவகித்தபோதே குடியானவரின் கடன்சுமையை நேரிற் கண்டவர். பதிசாரில் அவர் நிறுவிய வேளாண் வங்கியில் நோபல் பரிசுப் பணத்தை இட்டமை அவருடைய அக்கறையின் உண்மைக்குச் சான்று. ஆயினும் சமீந்தாரி முறையை ஒழிப்பது அவ்வேலைத்திட்டத்தின் பகுதியாக இருக்கவில்லை. இவ்வரையறையை டார்டிங்ரனும் சுவீகரித்துக்கொண்டது.

4

1922இல் லெனாட் எல்ம்ஹேர்ஸ்ற் 'மண்ணின் கொள்ளை' என்னும் பொருளில் கல்கத்தாவில் உரையொன்று நிகழ்த்தினார். கிராமத்தின் விளைவு நகரத்துக்குச் செல்கின்றது. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது மண்ணுக்குத் திரும்புவதில்லை. அதனால் மண்ணும் வறுமையுறுகின்றது, கிராம வாழ்வும் வறுமையுறுகின்றது என்பது அதன் சாரம். இன்றைய சூழலியலாளர் பேசும் பொருளை ஒரு நூற்றாண்டின் முன்னரே பேசிய உரை இது.

ஆயின், 'கொள்ளை' என்னும் இச்சொல் வேறோரிடத்தும் வருகின்றது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், பேரளவுக் கைத்தொழிலையும் வேளாண்மையையும் ஆராயுமிடத்து, முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமே என்ற கருத்தை மார்க்ஸ் நிறுவுகிறார். வேதியியலறிஞர் லீபிக்கின் ஆய்வுகளைக் கற்று, நகரங்களிற் குவியும் மக்கள்தொகை மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட் பரிமாற்றத்தைக் குலைக்கின்றது என்று அவர் காட்டினார். மண்ணின் கொள்ளையும் உழைப்பின் கொள்ளையும் அவருக்கு இரு வேறு நிகழ்ச்சிகளல்ல. ஒரே உற்பத்தி முறையின் இரு முகங்கள்.

எல்ம்ஹேர்ஸ்றின் தலைப்பில் ஒரு முகம் மட்டுமே உண்டு. டார்டிங்ரன் மரபின் வலிமையையும் வரையறையையும் இவ்வேறுபாட்டில் நாம் காண்கிறோம். மண் வறுமையுறுவதை அம்மரபு கூர்ந்து கண்டது; அதற்கான மாற்றை நேர்மையோடு தேடியது. உழைப்பவனுக்கும் நிலத்துக்கும் இடையிலான உடைமை உறவை மாற்றாமலே அம்மாற்றைக் காணலாம் என்றும் அது நம்பியது.

5

1925க்குப் பின் டார்டிங்ரனில் நடந்தவை பல. வில்லியம் வெயர் என்னும் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் பெருமண்டபம் மீண்டும் கூரையிடப்பட்டது. 1926இல் தண்டனையும் கட்டாய சமய போதனையும் அற்ற பாடசாலையொன்று தொடங்கிற்று. அது 1987 வரை நிலைத்தது. பண்ணைகள், பழத்தோட்டம், காடு வளர்ப்பு, மர ஆலை, நெசவாலை, கட்டட நிறுவனம் எனத் தனித்தனித் துறைகள் அமைந்தன. 1929இல் வேளாண் பொருளியலாளரின் முதலாவது சர்வதேச மாநாடு இங்கு கூடிற்று. 1930களில் ஜேர்மனியில் நாசிகளின் ஆட்சியிலிருந்து வெளியேறிய கேற் யூஸ்ஸின் நடனக் குழுவினர் இங்கு புகலிடம் பெற்றனர். றஷ்ய நாடகக் கலைஞர் மைக்கல் செக்கோவ் இங்கு நடிப்புப் பயிற்சிக்கூடம் நடத்தினார். 1961இல் கலைக் கல்லூரி உருவாயிற்று. இங்கு மாணவராயிருந்து பின் அறங்காவலருமான மைக்கல் யங், தொழிற்கட்சியின் 1945ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தை வரைந்தவர்.

இவற்றை நோக்குகையில் ஒரு முரண் புலனாகும். எல்ம்ஹேர்ஸ்ற் தம்பதியர் பழமையை மீட்க முயன்றவரல்லர். விஞ்ஞானமுறைப் பண்ணை, கணக்குவைப்பு, துறைதோறும் இலாப நட்ட மதிப்பீடு என்பன அவர்களுடைய வழிமுறைகள். முதலாளித்துவ நிருவாகத்தின் நுட்பங்களால் முதலாளித்துவம் சிதைத்த கிராமத்தைக் கட்டியெழுப்பலாம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. கிராமம் தன் வருவாயிலேயே வாழ முடியும் என்பதை நிறுவவே பரிசோதனை தொடங்கியது. நடைமுறையில் டொறதியின் செல்வமே பல துறைகளின் நட்டத்தை ஈடுசெய்தது. உடைமை தனியாரிடமிருந்து கம்பனிக்கும் பின்னர் அறக்கட்டளைக்கும் மாற்றப்பட்டது. ஆனால் அங்கு உழைத்தோர் தெரிவுசெய்யும் ஆட்சி அமைப்பு நிலைகொள்ளவில்லை. இறுதித் தீர்மானம் அறங்காவலரிடமே தங்கிற்று.

1800 முதல் நியூ லனாக்கில் றொபேட் ஓவன் நடத்திய பரிசோதனையோடு இதனை ஒப்பிடலாம். ஓவன் போன்றோரின் மேதைமையைப் போற்றிய ஏங்கெல்ஸ், அவர்களின் திட்டங்கள் சமூகத்தின் உள்முரண்களிலிருந்து எழாது நல்லோரின் மனத்திலிருந்து எழுந்தமையை அவற்றின் குறைபாடாகக் கண்டார். டார்டிங்ரனும் நல்லோர் மனத்தில் எழுந்ததே. நல்லோர் மறைந்தபின் அது எதன்மீது நிற்கும் என்ற வினாவுக்கு அதன் அமைப்பில் விடையிருக்கவில்லை. டொறதி 1968இலும் லெனாட் 1974இலும் காலமாயினர்.

6

1973இல் எண்ணெய் நெருக்கடி மேற்குலகை உலுக்கிய ஆண்டிலேயே 'சிறியதே அழகு' என்னும் சூமாக்கரின் நூல் வெளிவந்தது. 1911இல் ஜேர்மனியின் பொன் நகரிற் பிறந்த சூமாக்கர், இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியாவில் எதிரிநாட்டவர் என்ற காரணத்தால் தடுத்துவைக்கப்பட்டவர். பண்ணைக் கூலியாளாக வேலைசெய்தவர். 1950 முதல் 1970 வரை அந்நாட்டின் தேசிய நிலக்கரிச் சபையின் பொருளியல் ஆலோசகராக இருந்தார். எரிபொருள் முடிவற்றதன்று என்பதை அப்பதவியிலிருந்தே அவர் கண்டார். 1955இல் பர்மிய அரசுக்கு ஆலோசகராகச் சென்ற அனுபவத்திலிருந்து 'பௌத்த பொருளியல்' என்னும் அவரது கருத்தாக்கம் முளைத்தது. உழைப்பைச் செலவாகக் கணித்துக் குறைக்க முயலும் பொருளியலுக்கு எதிராக, உழைப்பை மனிதனின் ஆற்றலை வளர்ப்பதாகக் கண்டமை அதன் சிறப்பு. இவ்விடத்தில் அவர், தாமறியாமலே, அந்நியமாதல் பற்றிய இளம் மார்க்ஸின் சிந்தனைக்கு அண்மையில் நிற்கிறார். ஆனால் அவர் காட்டிய வழி வர்க்கப் போராட்டமன்று. அளவும் நுட்பமும் பற்றிய தெரிவு.

சூமாக்கர் 1977இல் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் டார்டிங்ரன் நிலத்திலுள்ள 'ஓல்ட் போஸ்ரேன்' என்னும் பழைய இல்லத்தில் உறைவிடக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் நிறுவுநருள் முதன்மையானவர் சதீஷ்குமார். 1936இல் இராஜஸ்தானத்திற் பிறந்த இவர் சிறுவயதில் சமணத் துறவியாகி, பின் அத்துறவை நீத்து வினோபாவின் நிலதான இயக்கத்தில் இணைந்தவர். 1962இல் அணுவாயுத எதிர்ப்புக்காக டெல்லியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டவர். கல்லூரியின் முதற் பாடநெறியை 1991 ஜனவரியில் ஜேம்ஸ் லவ்லொக் நடத்தினார். வந்தனா சிவா, பிறிட்ஜோவ் கப்றா, ஆர்னே நேஸ் முதலியோர் பின்னர் கற்பித்தனர். 1998 முதல் பிளிமத் பல்கலைக்கழகத்துடன் இணைந்து முதுமாணிப் பட்டநெறியும் இடம்பெற்றது.

இக்கல்லூரியின் கற்பித்தல் முறை நமது கவனத்துக்குரியது. மாணவரும் ஆசிரியரும் ஒரே கூரையின்கீழ் உறைந்தனர். சமைத்தல், கூட்டிப் பெருக்குதல், தோட்டவேலை என்பன முறைவைத்துப் பகிரப்பட்டன. அவை பாடத்தின் புறம்பான கடமைகளாகவன்றிப் பாடத்தின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையிலான பிரிவை வர்க்க சமூகத்தின் அடிப்படை அடையாளங்களுள் ஒன்றாக மார்க்ஸியம் கருதுகின்றது. அப்பிரிவைத் தற்காலிகமாகவேனும், சிறு வட்டத்துள்ளேனும் கடந்துகாட்டிய கல்வியை அலட்சியஞ் செய்ய முடியாது. பேன் ஜோன்சனின் கவிதையில் உணவு தானாக மேசைக்கு வந்தது. ஓல்ட் போஸ்ரேனில் உண்போர் தாமே கிழங்கு அகழ்ந்து சமைத்தனர். மாளிகையின் நீண்ட வரலாற்றில் இது ஒரு பண்புமாற்றமே.

சூழலியலை மத்தியதர வர்க்கத்தின் மனக்கிலேசம் என்று ஒதுக்கும் போக்கு இடதுசாரி விமர்சகர் சிலரிடையே காணப்படுகின்றது. மார்க்ஸ் லீபிக்கைக் கற்றதை நினைவுகூரும் எவருக்கும் இப்போக்கு ஏற்புடையதாகாது. அதேவேளை, கிழங்கு அகழ்ந்த கைகள் அந்நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கைகளாக இருந்தனவா என்று கேட்பதும் நமது கடமையாகும்.

7

இவ்வினாவுக்கு வரலாறு தெளிவான விடையளித்துள்ளது. 2008இல் டார்டிங்ரன் கலைக் கல்லூரி பல்மத் பல்கலைக் கல்லூரியுடன் இணைக்கப்பட்டது. 2010இல் அது அம்மண்ணைவிட்டு நீங்கியது. 2024 ஆகஸ்டில், புதிய கல்வியாண்டு தொடங்கும் தறுவாயில், சூமாக்கர் கல்லூரியின் பட்டநெறிகளை நிறுத்துவதாக அறக்கட்டளை அறிவித்தது. காரணமாகக் கூறப்பட்டது நிதி நெருக்கடி. இம்முடிவில் ஆசிரியருக்கோ மாணவருக்கோ வாக்குரிமை இருக்கவில்லை. கூட்டாகச் சமைத்தோர் கூட்டாகத் தீர்மானிக்கும் உரிமை பெற்றிருக்கவில்லை.

இதனைத் தனிமனிதரின் தவறாகக் காண்பது மேலோட்டமான பார்வை. டொறதியின் செல்வம் வற்றிய பின்னர் மாளிகை, ஏனைய சொத்துகளைப் போலவே, தன்னைத்தானே பேணவேண்டிய சொத்தாயிற்று. பதினான்காம் நூற்றாண்டுக் கூரையமைப்பும் முற்றமும் தோட்டங்களும் ஓயாத பராமரிப்பை வேண்டுவன. வாரம் அற்ற மாளிகை கட்டணத்தில் தங்குகின்றது. கட்டணம் செலுத்தத்தக்கோரே மாணவராகின்றனர். அவர்களின் தொகை குறையும்போது கல்வி நிற்கின்றது, மாளிகை நிற்பதில்லை. சிறியதன் அழகைக் கற்பித்த நிறுவனம் பெரியதொன்றின் உபரியில் தங்கியிருந்தமையே இங்குள்ள முரண்.

நமது நாட்டுக்கும் இவ்வரலாற்றுக்கும் இரு தொடர்புகள் உண்டு. 1934இல் இலங்கைக்கு வந்த தாகூர், வில்மட் பெரேரா ஹொறணையில் நிறுவிய ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதன், ஸ்ரீநிகேதன் ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்ட அந்நிலையம் 1996 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமொன்றுக்கு இடமளிக்கின்றது. அரச கல்வியமைப்பினுள் சேர்ந்தமையால் அது ஒரு கொடையாளியின் செல்வத்தில் தங்கியிருக்கும் நிலையைக் கடந்தது.

இரண்டாவது தொடர்பு சூமாக்கர் 1960களில் நிறுவிய இடைநிலைத் தொழினுட்பக் குழுவின் வழியாக வந்தது. 1990களில் ஈரவலய மலைக் கிராமங்களிற் சிற்றோடைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட கிராம நீர்மின் திட்டங்களில் அக்குழுவுக்குப் பெரும் பங்குண்டு. அங்கு கிராமத்தவரே கால்வாய் வெட்டினர். கிராம நுகர்வோர் சங்கமே மின்னிலையத்தின் உடைமையாளராகவும் நிருவாகியாகவும் விளங்கிற்று. டார்டிங்ரனில் இல்லாதது இங்கு இருந்தது. எனினும் தேசிய மின்வலைப்பின்னல் அக்கிராமங்களை எட்டியபோது அவற்றுட் பல கைவிடப்பட்டன. தனித்த சிறு கூட்டுடைமை, பெரும் பொருளாதாரத்தின் திட்டத்தில் தனக்கோரிடம் இல்லாதவிடத்து, நிலைக்க இயலாது என்பதை இது உணர்த்துகின்றது.

8

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவுகள் மூன்று. முதலாவது, நாட்டுப்புற மாளிகை கல்விக்கூடமாதல் அதன் வர்க்கத் தன்மையை முற்றாக நீக்கிவிடுவதில்லை. பயன் மாறுகின்றது, உடைமையின் வடிவம் எஞ்சுகின்றது. இரண்டாவது, அங்கு வளர்ந்த கல்வி அவ்வடிவத்தினுள் அடங்கிவிடுவதுமில்லை. உழைப்பையும் அறிவையும் இணைத்த அதன் நடைமுறை, அதனை ஈன்ற நிறுவனத்தைவிட மேலானது. ஆதலால் அதனை வேறு அடித்தளத்துக்குப் பெயர்த்தெடுக்கலாம். மூன்றாவது, அவ்வடித்தளம் உழைப்போரின் கூட்டுடைமையாகவும், அரசியல் வலுவோடு பெரும் பொருளாதாரத்தில் இடம்பெறுவதாகவும் இருத்தல் வேண்டும்.

எல்ம்ஹேர்ஸ்ற் 1922இல் மண்ணின் கொள்ளையைப் பற்றிப் பேசியபோது, சுருலின் வயலில் நின்ற குடியானவன் அதனைத் தன் வயிற்றால் அறிந்திருந்தான். மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியதைக் கணக்கிடும் சூழலியல், அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியதையும் சேர்த்துக் கணக்கிடும்போதே முழுமையடையும்.